கலையரசிக்குத் தனிக் கோப்பை

சேசு மரி சூசை

செண்டாய், ஜப்பான்
21-4-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கலையரசி எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சைக்கிள் மிதித்தால் வருகிற முழங்கால் வலி பரவாயில்லையா? அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று போனில் கேட்டால் சிரித்து மழுப்புகிறாள், நீங்கள் உண்மையை எழுதுங்கள்.

"உங்கம்மாகிட்ட போன்ல பேசிக்க. எனக்குக் கடுதாசி போடு. முப்பது வருஷமா திண்டிவனம் ஊருக்கெல்லாம் குடுத்துக்கினு இருக்கேன், என் பேருக்கு ஒண்ணு வந்ததில்ல" என்று விமான நிலையத்தில் சொன்னீர்களே, அதற்குத்தான் இது. நீங்கள் சொன்னபடியே தலைப்பில் சேசு மரி சூசை திருநாமம் எழுதி, பெட்டியில் போடாமல், தபால் ஆபீஸ் ஜன்னலில் கொடுத்து, என் கண் முன்னால் முத்திரை குத்தச் சொல்லப் போகிறேன்.

முதியோர் பராமரிப்பு வகுப்பு ஆரம்பித்துவிட்டது. விழுப்புரத்தில் ஒரு வருஷம் படித்த ஜப்பான் பாஷை பாதிதான் உதவுகிறது. கல்லூரிக்காரர்கள் தங்க ஏற்பாடு செய்த வீடு நல்ல வீடு. வீட்டுக்காரர் பெயர் மொரிட்டா. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி அதிகம் பேசமாட்டார். மகன் ஒசாகாவில் வேலையில் இருக்கிறார். மூன்றாம் வாரம் அந்த அம்மா கடைக்குப் போய் எனக்கென்று தனியாக ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு சோற்றுக் கிண்ணம், சாப்பிட ஒரு ஜோடி குச்சி வாங்கி வந்தார். நீல நிறம். என் பெயரை அவர்கள் எழுத்தில் எழுதி அலமாரியில் தனி இடமும் கொடுத்திருக்கிறார்கள். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்மாவுக்கு முத்தம். உங்களுக்கும்தான்.

பாப்பா கலை


சேசு மரி சூசை

திண்டிவனம்
9-5-2024

என் செல்ல மகள் கலையரசிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் கர்த்தர் காவலில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. வெயில் கொளுத்துகிறது. நீ அந்த ஊர்க் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்கிறாயா?

உன் கடிதம் வந்தது. நம் தெரு, என்னோடு தபால் கொடுக்கும் சீனுவாசனின் பீட். ஆபீசிலேயே கொடுக்க வந்தான். வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவா என்று சொல்லிவிட்டேன். அவனும் விளையாட்டுக்கு வாசலில் நின்று மணியடித்து "சார், போஸ்ட்!" என்று கத்தினான். நான் கதவைத் திறந்து கையில் வாங்கினேன். அந்தச் சந்தோஷம் உறையைத் திருப்பிப் பார்க்கும்வரை இருந்தது.

முகவரி உன் கையெழுத்து இல்லை. யார் எழுதியது? ஒட்டின இடத்தில் பசை இரண்டு தடவை வைத்திருக்கிறது. ஒருமுறை ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டின கவர் அது. என் கண்ணுக்குத் தப்பாது. நீ எழுதுவதை அங்கே யாராவது பார்க்கிறார்களா?

அடுத்தது அந்தக் கோப்பை. சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. நான் பிறந்தது விக்கிரவாண்டி பக்கத்துக் காலனியில் என்று உனக்குத் தெரியும். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று ஒரு கிளாஸ் கூரையில் செருகியிருக்கும். குடித்துவிட்டு நாமே கழுவி மறுபடி செருகவேண்டும். கடைக்காரர் சின்னதுரை சிரித்த முகமாகச் சொல்வார், "உங்களுக்கின்னே தனியா வச்சிக்கீறேன், வேற எவனும் வாய் வைக்க மாட்டான்." ஒன்பது வயது வரைக்கும் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கேட்கிறேன். உன் கோப்பையை யார் கழுவுவது? அவர்கள் சாப்பிடும் மேசையில்தான் நீயும் சாப்பிடுகிறாயா? சமையல்கட்டுக்குள் விடுகிறார்களா?

இதை ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா முன்னால் பேசாதே. அவள் தாங்கமாட்டாள். கடிதத்தில் எழுது.

மாதா உன்னை விட்டு விலகாதிருக்கட்டும்.

உன் அப்பா
தேவசகாயம்


சேசு மரி சூசை

செண்டாய்
2-6-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கம்பளி எல்லாம் மடித்து வைத்தாகிவிட்டது. இருநூற்றுப் பத்து என்றால் அம்மா டீயில் சர்க்கரையை நிறுத்தவில்லை என்று அர்த்தம். நீங்கள்தான் அதட்டவேண்டும்.

முகவரி எழுதியது மொரிட்டா அம்மா. அவர் கையெழுத்து அழகாக இருக்கும். திண்டிவனம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டார், கொடுத்தேன். கவரைப் பிரித்தது நானேதான். ஒட்டின பிறகு தேதி போட்டேனா என்று சந்தேகம் வந்தது. போட்டுத்தான் இருந்தேன். சந்தேகப்படுவது யாரிடமிருந்து எனக்கு வந்திருக்கும்?

ஒரே மேசை அப்பா. சமையல்கட்டில் வெங்காயம் நறுக்குவது நான்தான். பாத்திரம் எல்லாம் ஒரே தொட்டியில் விழும், முதலில் எழுந்தவர் கழுவுவார். கோப்பை விஷயத்தில் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர். இந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு கிண்ணம். அவருடையது பழுப்பு, அந்த அம்மாவுடையது சிவப்பு. ஒசாகா மகனுடையது அவர் வரும்போது மட்டும் வெளியே வரும். விருந்தாளிகளுக்குத்தான் பொதுவானது. முதல் இரண்டு வாரம் நான் அதில்தான் குடித்தேன். எனக்கென்று ஒன்று வாங்கி வந்தார்கள் என்றால் நான் விருந்தாளி இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு போட்டோ வைத்திருக்கிறேன், பாருங்கள்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் உங்கள் சந்தேகம் அன்றைக்கே தீர்ந்துபோகும். ஆனால் அப்பாவுக்கு எழுதுகிற விஷயம் இல்லை அது. விட்டுவிடுகிறேன்.

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கலை


சேசு மரி சூசை

திண்டிவனம்
20-6-2024

பாசமுள்ள மகளுக்கு,

அப்பா நலம். அம்மாவும் நலம்தான், டீயில் சர்க்கரை போடுவதை நான் பார்க்காத நேரத்தில் பார்த்துக்கொள்கிறாள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நியாயம் சொல்ல எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறான். சின்னதுரையும் நியாயம்தான் சொன்னார். போட்டோவைப் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் நடுவில், நீ ஓரத்தில். மூன்று கோப்பை மூன்று நிறம். கலந்துவிடக் கூடாது என்றுதானே நிறம்?

அப்பாவுக்கு எழுதுகிற விஷயம் இல்லை என்று ஒன்று எழுதினாயே, அது என்ன? பெண்பிள்ளை அன்னியர் வீட்டிலிருந்து இப்படி எழுதினால் பெற்றவனுக்கு என்ன தோன்றும் என்று யோசித்தாயா? டெலிவரிக்குப் போன இடத்தில் இரண்டு வீட்டுக் கடிதத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். என் சர்வீசில் முதல் தடவை.

நல்ல காலமாக ஒரு வழி பிறந்திருக்கிறது. போன ஞாயிறு ஊரில் விருத்தாசலம் மாமா இறந்துவிட்டார். எடுத்துவிட்டுத் திரும்பும்போது பெரியதம்பி ஐயா ஆள் விட்டுக் கூப்பிட்டார். உன் தாத்தா கடைசிவரை கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கியது அவர் கொல்லையில்தான். என்னை வாசலோடு அனுப்பவில்லை, பாப்பா. ஹாலுக்குள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, ஃபேனைப் போட்டு, காபி கொடுத்தார். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் முறை. அவர் மகன் கோகுலகிருஷ்ணன் அதே செண்டாயில் யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாராம். "நம்ம ஊர்ப் பொண்ணு எதுக்குப்பா மொழி தெரியாதவன் வூட்ல கெடக்குது? எம் மருமவ கொயந்தய வச்சிக்கினு ஒண்டியா கீறா. அங்க வந்து இருக்கட்டும்" என்றார். நம்ம ஊர்ப் பொண்ணு என்று அவர் வாயால் சொன்னார்.

நம்பர் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பேசு. காலம் மாறிவிட்டது. தெரியாத ஜனத்தைவிடத் தெரிந்தவர்கள் மேல்.

ஜெபத்தோடு,
அப்பா


சேசு மரி சூசை

செண்டாய்
13-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மழை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடிதம் மாற்றிக் கொடுத்ததை நினைத்து வருத்தப்படாதீர்கள், அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் உங்களைத் திட்டியிருக்க மாட்டார்கள்.

எழுதாமல் விட்ட அந்த விஷயத்தில் தப்பாக ஒன்றும் இல்லை. அம்மா மேல் ஆணை. கூச்சம், அவ்வளவுதான்.

கோகுலகிருஷ்ணன் அண்ணன் என்னைக் கல்லூரிக்கே வந்து பார்த்தார். மரியாதையாகப் பேசினார். நம்ம ஊர்தானே என்று கேட்டார், ஆமாம் என்றேன். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார், அதையும் சொன்னேன். பிறகு மழை வருகிறது என்று கிளம்பிவிட்டார்.

அப்பா, நான் இங்கேயே இருந்துவிடட்டுமா? இந்த வீட்டைக் கல்லூரி முதல் வருஷத்துக்கு ஒரு முறைதான் ஏற்பாடு செய்து தரும். நானாக விட்டுப் போனால் இன்னொரு வீடு தரமாட்டார்கள். பிறகு ஏதாவது ஆனால் தனி அறை எடுக்க என்னால் ஆகாது, படிப்பைப் பாதியில் விட்டு வரவேண்டியதுதான். ஆகஸ்டில் தேர்வு இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். என்னை நம்புங்கள்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கலை


சேசு மரி சூசை

திண்டிவனம்
29-7-2024

கலையரசிக்கு,

நலம். நலமா?

உன்னை நம்புகிறேன். அந்த வீட்டை நம்பவில்லை. என் மகள் தனிக் கோப்பையில் குடிக்கிறாள் என்று தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பட்டதை நீ படக்கூடாது என்றுதான் உன்னைக் கப்பலேற்றாத குறையாக அனுப்பினேன்.

மாதா விண்ணேற்புத் திருநாள் முடிந்ததும் பெரியதம்பி ஐயா மகன் வீட்டுக்குப் போய்விடு. அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். மாட்டேன் என்றால் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்வேன். அவள் ஒரே வார்த்தைதான் சொல்வாள், புறப்பட்டு வா என்று.

அப்பா


சேசு மரி சூசை

செண்டாய்
1-9-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் வேண்டுகிறேன்.

24-ம் தேதி கோகுலகிருஷ்ணன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் மனைவி வெண்ணிலா அக்கா சாம்பார் வைக்கிறார்கள். குழந்தை வல்லரசுக்கு மூன்று வயது, என்னோடு ஒட்டிக்கொண்டான். மொரிட்டா அம்மாவிடம் அப்பா சொல்கிறார் என்றேன். அப்பா சொன்னால் போகத்தான் வேண்டும் என்றார்.

தேர்வு நன்றாக எழுதினேன்.

கலை


சேசு மரி சூசை

திண்டிவனம்
17-9-2024

தங்கமான என் மகளுக்கு,

அப்பா மிக மிக நலம். அம்மாவுக்கு நூற்று அறுபது. நானே தினமும் டீ போட்டுக் கொடுக்கிறேன், அதுதான் ரகசியம்.

உறையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முத்திரை மாறியிருந்தது. இத்தனை நாள் வந்ததில் வட்டத்துக்குள் ஒரு எழுத்து ஜன்னல் மாதிரி இருக்கும். இதில் அது இல்லை. நீ வேறு ஆபீசில் கொடுத்திருக்கிறாய், வீடு மாறிவிட்டாய். பிரிப்பதற்கு முன்பே அம்மாவிடம் "பாப்பா நல்ல எடத்துக்குப் போயிட்டா" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடிதம் சின்னதாக இருந்தது. குழந்தை விளையாட்டில் நேரம் போயிருக்கும். சாம்பார் வாசனை எனக்கு இங்கே வருகிறது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போன பெரியதம்பி ஐயாவை வழியில் விக்கிரவாண்டியில் பார்த்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லிப் பேசினார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தலை நிமிர்ந்து நின்றேன்.

அடுத்த கடிதத்தில் என்னென்ன சாப்பிட்டாய் என்று வரிசையாக எழுது.

சந்தோஷத்தோடு,
அப்பா


சேசு மரி சூசை

செண்டாய்
27-10-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நலமாக இருக்கிறேன். அம்மாவுக்கு நூற்று அறுபது என்றதும் நிம்மதி.

தேர்வில் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். முதியோர் இல்லத்தில் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. தொண்ணூற்று இரண்டு வயதுப் பாட்டி ஒருவர் என் கையில்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிறார். இலையெல்லாம் சிவந்துவிட்டது. குளிர் தொடங்கிவிட்டது, கம்பளியை எடுத்துவிட்டேன்.

எல்லோரும் சுகம்.

கலை


சேசு மரி சூசை

திண்டிவனம்
12-11-2024

கலையரசிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எங்கே இருக்கிறாய்?

வீட்டில் வந்த எல்லா உறையையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் மூன்றில் ஜன்னல் எழுத்து இருக்கிறது. செப்டம்பரில் வந்ததில் இல்லை. இப்போது வந்ததில் மறுபடி இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. நீ பழைய இடத்தில் இருக்கிறாய். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தேன், ஒரு வரி இல்லை. வெண்ணிலாவைப் பற்றி இல்லை. குழந்தையைப் பற்றி இல்லை. எல்லோரும் சுகம் என்கிறாயே, எந்த எல்லோரும்? ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமை போனில் உன் பின்னால் வெறும் சுவர்தான் தெரிகிறது.

நீ பொய் எழுதவில்லை. எழுதாமல் விட்டிருக்கிறாய். முப்பது வருஷம் கடிதம் சுமந்தவனிடம் அது செல்லாது. அந்த ஜப்பான்காரி ஏதாவது சொல்லித் திரும்ப இழுத்துக்கொண்டாளா? வேறு யாராவது பழக்கமா? பெரியதம்பி ஐயா என்னைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

எதுவாக இருந்தாலும் எழுது.

அப்பா


சேசு மரி சூசை

செண்டாய்
8-12-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் என்று அம்மா சொன்னாள். நீங்கள் அந்தத் தண்ணீரிலும் தபால் கொடுக்கப் போனீர்களாமே, இந்த வயதில் எதற்கு அப்பா?

முத்திரை சரிதான். அக்டோபர் 13-ம் தேதி திரும்பிவிட்டேன். உங்களை நோகவைக்க வேண்டாம் என்று மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனை மாடிப்படிக்குக் கீழே நின்று பேசினேன்.

கோகுலகிருஷ்ணன் அண்ணன் வீட்டில் எனக்கு முதல் நாளிலிருந்து பேப்பர் தட்டு, பேப்பர் கப். "கழுவுற வேல மிச்சம்மா, உனக்குத்தான் ஈஸி" என்றார்கள் வெண்ணிலா அக்கா. அவர்கள் எவர்சில்வரில் சாப்பிட்டார்கள். அதையெல்லாம் நான்தான் கை படாமல் துணியால் பிடித்துத் துடைத்து அடுக்குவேன், ஆனால் கழுவ விடமாட்டார்கள். படுக்கை வாஷிங் மெஷின் பக்கத்தில். இதற்காகவெல்லாம் நான் அந்த வீட்டை விட்டு வரவில்லை அப்பா. நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், முதல் வருஷம் முடியும் மார்ச் வரைக்கும் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பால் குடித்துக்கொண்டிருந்தேன். வல்லரசு என் மடியில் ஏறி, என் கையிலிருந்து கப்பை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டான். அக்கா ஓடி வந்து அவனைப் பிடுங்கினார்கள். குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய், வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டுக் கழுவினார்கள். குழந்தை ஏன் என்று தெரியாமல் கத்தினான். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். போக இடம் இல்லை. படிப்பு முடிந்தது, ஊருக்கு டிக்கெட்தான் என்று நினைத்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று மொரிட்டா அம்மா வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்து பையைப் பார்த்தார். "முதலில் குளித்துவிட்டு வா" என்றார். கல்லூரி ஏற்பாடு இல்லை என்றேன், தெரியும் என்றார். அறையை அப்படியே வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நான் குளிப்பதை அப்பாவுக்கு எப்படி எழுதுவது என்று கூச்சப்பட்டேன், அதனால்தான் இத்தனையும். இங்கே தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பிறகு ஒரு தொட்டி வெந்நீரில் கழுத்தளவு உட்காருவார்கள். ஒருவர் எழுந்ததும் தண்ணீரைக் கொட்டமாட்டார்கள். அடுத்தவர் அதே தண்ணீரில் உட்காருவார். முதலில் இறங்குவது அந்த வீட்டில் ஒரு மரியாதை. வந்த நாளிலிருந்து என்னைத்தான் முதலில் இறங்கச் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்து எழுந்த தண்ணீரில் அவர் உட்காருகிறார், பிறகு அந்த அம்மா உட்காருகிறார். காலனி ஆள் வாளி விட முடியாத உங்கள் ஊர்க் கிணற்றுக் கதையை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள், அதனால் மேலே சொல்லவேண்டியதில்லை.

நான் வந்துவிடவேண்டும் என்றால் வந்துவிடுகிறேன். ஆனால் அந்த வீட்டுக்கு மட்டும் போகமாட்டேன்.

கலை


சேசு மரி சூசை

திண்டிவனம்
3-1-2025

அன்பு மகள் கலையரசிக்கு,

அப்பா எழுதுகிறேன். உயிரோடும் புத்தியோடும் இருக்கிறேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் சாப்பிட்டாள். தொட்டித் தண்ணீர் சங்கதியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள். "அதே தண்ணியிலயா? மெய்யாலுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீ அங்கேயே இரு. படிப்பை முடி. யாரையும் கேட்கவேண்டியதில்லை, உனக்குப் பிடித்த இடத்தில் இரு.

நீ மறைத்ததை எழுதிவிட்டாய். நான் மறைத்ததும் ஒன்று இருக்கிறது. ஜூன் மாதம் பெரியதம்பி வீட்டில் காபி கொடுத்தார்கள் என்று எழுதினேன். எதில் கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. பேப்பர் கப்பில்தான். ஹாலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு டம்ளர், எனக்குப் பேப்பர் கப். குடித்ததும் நானே எழுந்து வெளியே குப்பைத் தொட்டியில் போட்டேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. கூரையில் செருகுகிற கிளாஸ்தான் இது என்று அந்த நிமிஷமே தெரிந்தது. டோல்கேட் ஓட்டலில் எல்லோரும் பேப்பர் கப்பில்தான் குடிக்கிறார்கள், இப்போது இதுதான் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்காலி போட்டார்களே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஜப்பானில் உன் கோப்பையைச் சந்தேகப்பட்டவன் என் கையில் இருந்ததைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படவில்லை என்று எழுதுவதும் பொய். தெரிந்தே உன்னை அங்கே போகச் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து கோகுலகிருஷ்ணன் லீவில் வந்திருப்பதாகச் சீனுவாசன் சொன்னான். விழுப்புரத்தில் வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு விக்கிரவாண்டியில் இறங்கி ஊருக்குப் போனேன். அதே ஹால், அதே நாற்காலி. அப்பனும் மகனும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். உன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெரியதம்பி வீட்டம்மா தட்டில் காபி கொண்டுவந்தார். நாலு டம்ளர், ஒரு பேப்பர் கப்.

"எனக்கும் டம்ளர்லயே குடுங்கம்மா" என்றேன்.

பெரியதம்பி சிரித்தார். "இது புதுசுப்பா, சுத்தமா இருக்கும். உனக்கின்னே எடுத்தாந்தா."

"அப்ப எல்லாரும் அதுலயே குடிங்கய்யா. நானும் குடிக்கிறேன்."

கோகுலகிருஷ்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா பேப்பர் கப்பைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நான் உட்கார்ந்திருந்தேன். மற்ற நாலு டம்ளரும் ஆறி ஏடு படிந்தது, யாரும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எழுந்தேன்.

"உக்காருப்பா, இன்னா அவசரம்?" என்றார் பெரியதம்பி.

"காபி வந்தா உக்கார்றேன்யா."

வரவில்லை. வந்துவிட்டேன்.

மொரிட்டா அம்மாவிடம் என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேள். அவருக்குத் தெரியாமல் அவரை எட்டு மாதம் திட்டியிருக்கிறேன். அதை எப்படிச் சொல்வது என்று நீதான் அந்தப் பாஷையில் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டேன், பாப்பா. விக்கிரவாண்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கால் நடுங்கியது. கோபத்தில் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பயத்தில்தான். இந்தப் பயத்துக்கு நான் உன்னையும் பழக்கப் பார்த்தேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாய். அப்பாவை மன்னித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவசகாயம்